ஃபே வீரனை வில்லனாக்குவது: நான்கு பழங்கதைகளில் உங்கள் மேசைக்கு எது?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு) நடத்தும் நண்பர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "கேம்பெய்னை ஃபேவைல்டு பக்கம் கொண்டு போகிறேன். வில்லனாக ஒரு ஃபே வீரன் வேண்டும். எப்படிப்பட்டவனை வைப்பது?" (கேம்பெய்ன் என்பது பல அமர்வுகளாக, அதாவது செஷன்களாக, ஓடும் தொடர்கதை. ஃபே என்பவர்கள் பழங்கதைகளில் வரும் மாயக் குலத்தார்; ஃபேவைல்டு அவர்கள் உலகம்.) கூடவே ஒரு படமும் வரும். பச்சைக் கவசம், மான்கொம்பு வைத்த தலைக்கவசம், முட்கொடி சுற்றிய வாள். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்று கேட்டால் பதில் வராது. மூன்றாவது செஷனில் அவன் வாளை உருவுவான், பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர்களின் பாத்திரக் குழு, சூழ்ந்துகொள்ளும், இரண்டு ரவுண்டில் ஆள் காலி. கொம்பு வைத்த இன்னொரு கொள்ளைக்காரன், அவ்வளவுதான்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். அவன் எப்படித் தாக்குவான் என்று யோசிப்பதை ஓரமாக வைத்துவிட்டு, அவன் எப்படித் தோற்பான் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிரிட்டன் பக்கத்துப் பழங்கதைகளில் இந்த மாதிரி வீரர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கீழே எடுத்துக்கொண்டிருக்கும் நால்வரில் ஒருவனைக்கூட யாரும் நேருக்கு நேர் வாள்சண்டையில் வீழ்த்தவில்லை. ஒருவன் தன் பந்தயத்துக்கே கட்டுப்பட்டு நிற்கிறான். ஒருவன் ஏமாந்து சாகிறான். ஒருவனை இறுகப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தே மீட்கிறார்கள். நான்காமவன் தோற்பதே இல்லை. இந்த நான்கில் எந்த முடிவு உங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தால், மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபே' என்பதைத் 'தேவதை' என்று சொல்லிப் பார்த்தேன். மேசையில் எல்லோருக்கும் வெள்ளை உடையும் மந்திரக்கோலும்தான் கண்ணில் வந்தன. கவசம் அணிந்த குதிரைவீரன் என்ற பொருளில் 'நைட்' என்று எழுதினால் ராத்திரி என்று படிக்கிறார்கள். அதனால் இங்கே ஃபே வீரன் என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, தோற்கும் வழி. அவனை வீழ்த்தும் விதி ஒன்று இருக்க வேண்டும். அதை ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஆட்டத்தை நடத்தும் டிஎம் மனதில் மட்டும் இருக்கும் விதி விதியே இல்லை.

இரண்டாவது, அவன் எத்தனை முறை மேசைக்கு வர முடியும். ஒரே மாலையில் முடிகிற ஒன்-ஷாட்டுக்கு ஏற்றவன் வேறு, ஒரு வருடம் ஓடும் கேம்பெய்னுக்கு ஏற்றவன் வேறு.

மூன்றாவது, அந்த மாலை யாருடையது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கதை முழுக்க ஒருவரைச் சுற்றியே ஓடினால் மற்ற மூவரும் போனை எடுத்துவிடுவார்கள்.

நான்காவது, உங்களுக்கு எவ்வளவு தயாரிப்பு வேலை. வேலைநாளில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தயார் செய்ய நேரம் கிடைக்கிறது என்றால் இது சின்ன விஷயமில்லை.

ஐந்தாவது, மனச்சுமை. கடத்தல், மயக்குதல், உடல்மீது அத்துமீறல் எல்லாம் இந்தப் பழங்கதைகளில் சர்வசாதாரணம். உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சர்வசாதாரணமாக இருக்காது.

## எண்களை முதலில் முடித்துவிடலாம்

நால்வருக்கும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற எதிரிகள் புத்தகத்தில் உள்ள நைட் ஸ்டாட் பிளாக்கின், அதாவது எண் அட்டவணையின், சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி) 3, ஆர்மர் கிளாஸ் (அடியைத் தடுக்கும் அளவு) 18, ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) 52. ஐந்தாம் லெவலில் நாலு பேர் இருந்தால் இந்த 52 இரண்டு ரவுண்டுக்கே காணாது. அதே புத்தகத்தின் கிளாடியேட்டரை எடுங்கள். சேலஞ்ச் ரேட்டிங் 5, ஹிட் பாயிண்ட் 112, வருகிற அடியைத் தடுக்க பாரியும் உண்டு. ஈட்டியை வாளாக்கி, மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தைச் சேருங்கள். போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி தள்ளி மறைந்து தோன்றுகிறவனைச் சூழ்ந்துகொள்வது லேசு இல்லை.

அப்புறம் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். ஹியூமனாய்டு (மனித வகை) என்று இருப்பதை ஃபே என்று ஆக்குங்கள். இந்த ஒரு சொல் செய்கிற வேலை பலருக்குத் தெரிவதில்லை. ஆளை உறைய வைக்கும் ஹோல்ட் பெர்சன், மயக்கும் சார்ம் பெர்சன் ஆகிய மந்திரங்கள் இரண்டும் அவன்மேல் பலிக்காது. உறுதிமொழி எடுத்த புனித வீரரான பாலடினின் டிவைன் சென்ஸ் என்ற உணர்வு விண்ணுலகத்தாரையும் நரகத்தாரையும் இறந்தும் நடமாடுகிறவர்களையும் காட்டிக்கொடுக்கும். ஃபே அந்தப் பட்டியலில் இல்லை. விருந்தில் பாலடினுக்குப் பக்கத்து இருக்கையிலேயே அவனை உட்கார வைக்கலாம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் என்ற காப்பு மந்திரம் அவனுக்கு எதிராக நன்றாகவே வேலை செய்யும்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. பார்ட்டி ஏழாம் லெவலைத் தொட்டதும், வேற்றுலகுக்குத் துரத்தும் பானிஷ்மென்ட் மந்திரம் கிடைத்துவிடும். ஃபேவைல்டைச் சேர்ந்தவனை மனித உலகில் வைத்து அந்த மந்திரத்தைப் போட்டு, ஒரு நிமிடம் கான்சன்ட்ரேஷன் கலையாமல் பார்த்துக்கொண்டால், 2014 விதிப்படி அவன் சொந்த ஊருக்குப் போய்விடுவான், திரும்பி வரமாட்டான். ஆறு செஷன் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லன் ஒரே ஒரு கரிஸ்மா சேவில் (மந்திரத்தைத் தாங்க உருட்டும் உருட்டலில்) போய்விடுவதை நினைத்துப் பாருங்கள். சேவில் தோற்றாலும் ஜெயித்ததாக்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் கொடுங்கள், இல்லையென்றால் முக்கியமான மோதலை அவன் மண்ணிலேயே வையுங்கள்.

ஃபேக்களுக்கு ஆகாத குளிர் இரும்பு பற்றியும் முன்கூட்டியே முடிவெடுங்கள். டி அண்ட் டியின் பழைய 3.5 பதிப்பில் ஃபே பலருக்கு அந்த இரும்பால்தான் முழு அடியும் விழும். ஐந்தாம் பதிப்பு அதைக் கைவிட்டுவிட்டது. அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரில் இன்னும் இருக்கிறது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் மேசையில் இருந்தால் கட்டாயம் கேட்பார்.

## பச்சை வீரன்: பந்தயம் வைப்பவன்

14-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தின் வடமேற்கு வட்டார மொழியில் எழுதப்பட்ட கவிதை 'சர் கவேய்னும் பச்சை வீரனும்'. எழுதியவர் பெயர் தெரியாது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில். புத்தாண்டு விருந்தில் ஆர்தர் ராஜாவின் அவைக்குள் ஒருவன் குதிரையோடு நுழைகிறான். ஆளும் பச்சை, குதிரையும் பச்சை. ஒரு கையில் ஹோலி (holly) என்ற முள்ளிலை மரத்தின் கிளை, மறு கையில் கோடாரி. "யாராவது என்னை ஒரு வெட்டு வெட்டுங்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்து அதை நான் திருப்பித் தருவேன்" என்கிறான். ஆர்தரின் வீரன் கவேய்ன் அவன் தலையை வெட்டுகிறான். வந்தவன் குனிந்து தலையை எடுத்துக்கொள்கிறான், தலை பேசுகிறது, குதிரை ஏறிப் போய்விடுகிறான்.

இதை ஒருமுறை என் மேசையில் நடத்தினேன். கோடாரியைத் தரையில் வைத்தான் என்று சொன்னதும் பார்பேரியன் பாத்திரம் ஆடுகிறவர் டைஸை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த கிளெரிக், அவர் கைமேல் கையை வைத்துத் தடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணா, தோள்ல லேசா ஒரு கீறல் போட்டா போதுமா?" அருமையான கேள்வி. வந்தவன் தலையைக் கேட்கவே இல்லையே, ஒரு வெட்டுதானே கேட்டான்! "போதும், உங்கள் இஷ்டம்" என்றேன். பார்பேரியன் கேட்கவில்லை, கழுத்திலேயே போட்டார். நான் பைக்கில் வந்திருந்தேன். ஹெல்மெட் நாற்காலிக்கடியில் இருந்தது. அதை வெட்டுப்பட்ட தலைபோல மடியில் வைத்து, அவர்கள் யாரையும் பார்க்காமல் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்த வசனத்தைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. கிளெரிக் மட்டும் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

இவனுடைய பலம் அதுதான். முதல் காட்சியிலேயே விதி முழுக்கச் சொல்லப்பட்டுவிடுகிறது; எதையும் ஒளித்து வைக்கத் தேவையில்லை. தோற்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. சொன்ன நாளில் போய்க் கழுத்தை நீட்டுகிறவரை அவன் கொல்ல முடியாது, அல்லது கொல்ல மனம் வராது. கவிதையில் மூன்று முறை கோடாரியை ஓங்குகிறான். முதல் இரண்டும் விழவில்லை, மூன்றாவது கழுத்தில் ஒரு கீறல் மட்டும் போடுகிறது. அந்தக் கீறலும் கவேய்ன் மறைத்துவைத்த ஒரு பச்சை இடைக்கச்சைக்கான தண்டனை.

இனி செலவுக் கணக்கு. பெரிய செலவு நாள்காட்டி. பெரும்பாலான கேம்பெய்ன்களில் முப்பது செஷன் ஆடினாலும் கதைக்குள் இரண்டு மாதம்தான் ஓடியிருக்கும். ஒரு வருடம் வரவே வராது. இதற்கு 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ஃபேவைல்டுக்கென்று உள்ள கால விதி கைகொடுக்கும். அங்கிருந்து வெளியே வரும்போது ஒரு டி20 (இருபது முக டைஸ்) உருட்ட வேண்டும். உருட்டலைப் பொறுத்து உள்ளே கழித்த நாட்கள் வெளியே வாரங்களாகவோ மாதங்களாகவோ, 20 விழுந்தால் வருடங்களாகவோ ஆகிவிடும். மூன்று நாள் காட்டுக்குள் இருந்துவிட்டு வெளியே வரும் பார்ட்டி, தவணை நாள் வாசலில் நிற்பதைப் பார்க்கும். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இவனை வைக்கலாம்.

இரண்டாவது செலவு, கதை வெட்டியவர் ஒருவருடையதாகப் போய்விடும். கவிதையின் நடுப்பகுதி இதற்கு உதவும். கோட்டை ஒன்றில் மூன்று நாள் தங்கல், ஒவ்வொரு நாளும் வேட்டை, மான், காட்டுப்பன்றி, நரி என்று. அன்றைக்குக் கிடைத்ததை மாலையில் கோட்டைத் தலைவனோடு மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம்; கவேய்ன் கச்சையை மறைத்தது இதில்தான். இதை பார்ட்டி முழுவதற்கும் விரித்துவிடுங்கள். மூன்றாவது செலவு, அவன் உண்மையில் கெட்டவன் இல்லை, சோதிக்கிறவன். கவிதையிலேயே அவனை அனுப்பியவள் மாயக்காரி மார்கன் லெ ஃபே. வில்லனாக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் கறுப்புப் பூச வேண்டும். தவணைக்கு வராதவர்களின் தலைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஒரு மண்டபம் போதும்.

## எல்ஃப் வீரன்: கொம்பூதி அழைப்பவன்

ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1882 முதல் 1898 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கதைப்பாடல்கள் 305-ஐ எண் போட்டுத் தொகுத்தார். அதில் நான்காம் எண் இவனுடையது. எங்கோ கொம்பு ஊதுகிறான். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த இசபெல் அதைக் கேட்டு ஆசைப்படுகிறாள். அவன் வந்து நிற்கிறான். காட்டுக்குள் கூட்டிப்போய், "ஏழு ராஜகுமாரிகளை இங்கே கொன்றிருக்கிறேன், நீ எட்டாவது" என்கிறான். அவள் அவன் தலையை மடியில் சாய்த்துத் தூங்க வைத்து, அவனுடைய கச்சையாலேயே கட்டி, அவனுடைய குத்துவாளாலேயே கொல்கிறாள்.

ஒன்-ஷாட்டுக்கு இதைவிடக் கச்சிதமான அச்சு எனக்குத் தெரியாது. தயாரிப்பு மிகக் குறைவு: ஒரு கொம்போசை, ஒரு காடு, ஏழு கல்லறை. தோற்கும் விதி ஒரே வரி, அவனை அவன் ஆயுதம் மட்டும்தான் வெட்டும். பார்ட்டியின் வாள்கள் ஒருமுறை அவன்மேல் பட்டு வழுக்கினால் போதும், அடுத்த பத்து நிமிடத்தில் யாராவது அவன் இடுப்பைப் பார்ப்பார்கள்.

ஆனால் மனச்சுமையில் நால்வரிலும் மோசமானவன் இவன்தான். பெண்களை மயக்கிக் கூட்டிப்போய்க் கொல்கிறவன். இதை அப்படியே மேசையில் இறக்காதீர்கள். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் பேசிக்கொள்ளும் செஷன் ஜீரோவில் கேட்காமல் இறக்கவே கூடாது. நான் எடுத்துக்கொள்வது கொம்பும் எண்ணிக்கையும் மட்டும். அவன் சேகரிப்பது பாடகர்களின் குரல்களை, அல்லது தச்சர்களின் கைத்திறனை என்று மாற்றினால் பயம் அப்படியே இருக்கும், அருவருப்பு போய்விடும்.

இன்னொரு மறைசெலவு, மயக்குமந்திரம். "நீ சேவில் தோற்றுவிட்டாய், உன் பாத்திரம் அவன் பின்னால் நடக்கிறது" என்று சொன்ன கணத்தில் ஆட்டக்காரர் பார்வையாளர் ஆகிவிடுகிறார். பாடலிலேயே இதற்கு வழி இருக்கிறது. அங்கே கொம்போசை யாரையும் இழுக்கவில்லை, ஆசையைக் கிளப்பியது. அதனால் சேவ் கேட்காமல் கேள்வி கேளுங்கள்: "அந்த ஓசையில் உங்கள் பாத்திரத்துக்கு என்ன ஞாபகம் வருகிறது?" பதில் சொல்லிவிட்டால் அவர்களே எழுந்து நடப்பார்கள்.

இவன் ஒரு முறைதான் வருவான். செத்தால் செத்தான். இன்னொரு செஷன் இழுக்க வேண்டுமென்றால் இதே கதையின் டச்சு உறவுக்காரன் ஹாலவைன் உதவுவான். அவன் தலை வெட்டுப்பட்ட பிறகும் பேசும், அந்தப் பெண்ணை ஏமாற்றித் தன் கொம்பை ஊத வைக்கப் பார்க்கும். அவள் ஊதவில்லை. உங்கள் பார்ட்டியில் ஒருவராவது ஊதுவார்.

## டாம் லின்: பிடிபட்டவன்

ஸ்காட்லாந்தின் செல்கிர்க் ஊருக்குப் பக்கத்தில் எட்ரிக், யாரோ (Yarrow) என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் கார்டர்ஹா என்ற காடு. பழைய கதைப்பாடல் ஒன்றில், அங்கே போகும் பெண்களிடம் மோதிரமோ பச்சை மேலாடையோ கற்போ வசூலிக்கிற ஃபே வீரன் டாம் லின். ஜேனட் துணிந்து போகிறாள், ரோஜாவைப் பறிக்கிறாள், கர்ப்பமாகிறாள். அப்புறம்தான் அவன் யார் என்று தெரிகிறது. அவன் மனிதன். குதிரையிலிருந்து விழுந்தபோது ஃபேக்களின் ராணி பிடித்துக்கொண்டாள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் நரகத்துக்கு ஓர் உயிரைக் கப்பமாகக் கட்ட வேண்டும். இந்த முறை அது தானாக இருக்குமோ என்று அவன் பயப்படுகிறான்.

எனக்கு நால்வரில் மிகவும் பிடித்தவன் இவன்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதி கேம்பெய்ன் வரை வில்லனாக இருப்பவன், ஒரே ஒரு உண்மை வெளிவந்ததும் மீட்கப்பட வேண்டியவன் ஆகிவிடுகிறான். இறுதிக் காட்சி மாதிரி ஒன்றை எந்த ஸ்டாட் பிளாக்கும் தராது. ஹாலோவீன் நள்ளிரவு, குறுக்குச் சாலை. ஃபே ஊர்வலம் வருகிறது. கறுப்புக் குதிரையை விடு, பழுப்புக் குதிரையை விடு, வெள்ளைக் குதிரையில் இருப்பவனை இழுத்துக் கீழே தள்ளு. பிறகு விடாதே. அவன் பாம்பாவான், கரடியாவான், சிங்கமாவான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவான். விடாதே. கடைசியில் எரியும் தணலாகும்போது கிணற்றுத் தண்ணீரில் போடு.

இதை விதிகளுக்குள் கொண்டுவருவது கடினமில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் ஓர் அத்லெட்டிக்ஸ் உருட்டல், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமாக. இரும்பு நிலைக்கு ஹீட் மெட்டல் மந்திரத்தின் 2டி8 (எட்டு முக டைஸ் இரண்டு) தீச்சேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஒன்று: உருட்டலில் தோற்றால் பிடி நழுவாது. தோற்றவரிடம் கேளுங்கள், "விடுகிறீர்களா, இல்லை இன்னொரு 2டி8 வாங்கிக்கொள்கிறீர்களா?" முடிவை டைஸிடம் கொடுத்துவிட்டால் காட்சி செத்துவிடும். ஹிட் பாயிண்ட் ஒன்பதில் நின்றுகொண்டு "விடமாட்டேன்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

செலவுகள் உண்டு, சின்னதும் இல்லை. முதலாவது, உங்களுக்கு ஒரு வில்லன் போதாது, இரண்டு பேர் வேண்டும். வீரனுக்குப் பின்னால் ராணி. அவனை மீட்ட பிறகு அவள் கோபம் அப்படியே இருக்கிறது. "இது முன்னமே தெரிந்திருந்தால் உன் கண்களைப் பிடுங்கி மரக்கண்களை வைத்திருப்பேன்" என்று அவள் சொல்வதோடுதான் பாடல் முடிகிறது. இரண்டாவது, ஆட்டக்காரர்கள் அவனை வெறுத்துவிட்டால் மீட்க வரமாட்டார்கள். அவன் பார்ட்டிக்கு நெருக்கமான யாரையாவது கொன்றிருந்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். கெடுதல் செய்யட்டும், ஆனால் திருப்பித் தரக்கூடிய கெடுதலாக இருக்கட்டும். மோதிரம், மேலாடை, குதிரை, பெயர். மூன்றாவது, பாடலில் உள்ள கற்பு வசூலை முழுதாக விட்டுவிடுங்கள். கதைக்கு அது தேவையில்லை.

## வேட்டைத் தலைவன்: தோற்காதவன்

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளில் வரும் க்வின் ஆப் நித். அன்னூன் என்ற மறுவுலகத்தோடு இவன் பெயர் சேர்ந்தே வரும். பின்னாளைய வழக்கில் வேட்டைக் கூட்டத்தின் தலைவன். நால்வரில் கொடூரமானவன். ஒருவனைக் கொன்று, அவன் இதயத்தை அவன் மகனையே தின்ன வைத்தான், மகனுக்குப் பைத்தியம் பிடித்தது என்று கதை சொல்கிறது. க்ரெய்தலாத் என்ற பெண்ணுக்காக க்விதிர் என்பவனோடு இவனுக்குத் தீராத பகை. ஆர்தர் தீர்ப்புச் சொன்னார்: ஒவ்வொரு மே 1 அன்றும் இருவரும் சண்டை போட வேண்டும், உலகம் முடியும் நாள் வரை. அந்தக் கடைசி நாளில் ஜெயிப்பவனுக்குத்தான் பெண்.

இவனைக் கொல்லும் வழி எந்தக் கதையிலும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் அவன் வீட்டில் இருக்க முடியாது! மே 1 அன்று கட்டாயமாகச் சண்டைக்களத்தில் நிற்க வேண்டும். திருட்டுத் திட்டம் போடுவதில் ருசி உள்ள பார்ட்டிக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. அவன் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் கோட்டைக்குள் நுழைந்து, பிடித்து வைத்தவர்களை வெளியே கொண்டுவருவது. சூரியன் சாயும்வரைதான் நேரம்.

அன்னூனின் வேட்டைநாய்கள் வெள்ளை நிறம், காதுகள் மட்டும் சிவப்பு. அவற்றின் ஊளை தூரத்தில் இருக்கும்போது பலமாகவும், நெருங்க நெருங்க மெதுவாகவும் கேட்கும் என்பது வேல்ஸ் மக்கள் வழக்கு. டிஎம்முக்கு இது பெரிய வரம். முதல் செஷனில் உரக்கப் பேசுங்கள். அடுத்ததில் குரலைத் தாழ்த்துங்கள். மூன்றாவதில் ஊளையே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். விதியைப் புரிந்துகொண்டவர் முகம் முதலில் மாறும்.

செலவு என்று பார்த்தால் இவன்தான் அதிகம் கேட்பான். நாய்கள், குதிரைகள், கூட வரும் வேட்டைக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேரை மேசையில் இறக்கினால் ஒரு ரவுண்டு அரைமணி நேரம் ஓடும். நாய்க்கூட்டம் முழுவதற்கும் ஒரே இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) கொடுங்கள், முடிந்தால் சண்டையாக இல்லாமல் துரத்தலாக நடத்துங்கள். அப்புறம், கொல்ல முடியாத வில்லன் சில மேசைகளில் எடுபடமாட்டான். "அப்போ நாங்க எதுக்கு லெவல் ஏறினோம்?" என்று கேட்கிற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். அவர்களுக்கு இவன் வேண்டாம்.

அயர்லாந்தின் தலையில்லாக் குதிரைவீரன் டுல்லஹானை ஐந்தாவதாகச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். தங்கத்தைக் கண்டால் ஒதுங்குவான் என்பது நல்ல பலவீனம்தான். ஆனால் அவன் பேரம் பேசமாட்டான். பேரம் இல்லாத ஃபே எனக்கு ருசிப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | பச்சை வீரன் | எல்ஃப் வீரன் | டாம் லின் | வேட்டைத் தலைவன் |
|---|---|---|---|---|
| எப்படித் தோற்பான் | சொன்ன நாளில் கழுத்தை நீட்டினால் | அவன் ஆயுதமே அவனுக்கு எதிராக | விடாமல் பிடித்தால் மீள்வான் | தோற்கமாட்டான். ஒரு நாள் இருக்கமாட்டான் |
| எத்தனை செஷன் | முதலில் ஒன்று, கடைசியில் இரண்டு மூன்று | ஒன்று | எட்டுக்கு மேல் | கேம்பெய்ன் முழுக்க |
| யாருடைய மாலை | வெட்டியவருடையது | கொம்பைக் கேட்டவருடையது | பிடித்தவருடையது, மற்றவர்கள் ஊர்வலத்தைத் தடுப்பார்கள் | எல்லோருடையது |
| தயாரிப்பு | நடுத்தரம் | குறைவு | அதிகம் | மிக அதிகம் |
| மனச்சுமை | குறைவு | மிக அதிகம், மாற்றியே ஆக வேண்டும் | கவனம் தேவை | ரத்தம் அதிகம் |

## எந்த மேசைக்கு எது

முதன்முதலாக டிஎம் ஆகிறீர்கள், கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் இருக்கிறது என்றால் எல்ஃப் வீரன். குரல் திருடுகிறவனாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

வசனம் பேசுவதிலும் வாக்குக் கொடுப்பதிலும் ருசி உள்ள மேசை என்றால் பச்சை வீரன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெய்னுக்குள் நடுவில் நுழைக்கவும் இவன்தான் சுலபம். ஒரு விருந்து இருந்தால் போதும், வந்து போய்விடுவான். தவணை மட்டும் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கும்.

சண்டையைவிட பாத்திரங்களுக்கு நடுவிலான உறவில் மனம் வைக்கிறவர்களுக்கு டாம் லின். ஆறு மாதமாவது சேர்ந்து ஆடிய குழுவாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இது எடுபடாது; யாரையோ காப்பாற்ற யாரும் 2டி8 வாங்கமாட்டார்கள்.

திட்டம் போடுகிறவர்கள், வரைபடம் வரைகிறவர்கள், "பின்வாசல் இருக்கா?" என்று முதலில் கேட்கிறவர்கள் இருந்தால் வேட்டைத் தலைவன்.

பார்ட்டியில் ஓத் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ் என்ற உறுதிமொழி எடுத்த பாலடின் இருந்தால் மேலே சொன்ன யாராக இருந்தாலும் இன்னொரு படி ஏற்றலாம். இந்த உறுதிமொழி எடுத்தவர்களை ஃபே நைட், கிரீன் நைட், ஹார்ன்ட் நைட் என்று அழைப்பதுண்டு என்று 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கே சொல்கிறது. வில்லனும் அதே உறுதிமொழி எடுத்தவன் என்று வையுங்கள். அதில் நான்கு கட்டளை: ஒளியை ஏற்று, ஒளிக்கு அடைக்கலம் கொடு, உன் ஒளியைக் காத்துக்கொள், ஒளியாகவே இரு. பாட்டும் சிரிப்பும் அழகும் உனக்குள் அணையாமல் பார்த்துக்கொள் என்பதுதான் மூன்றாவதின் பொருள். மற்ற மூன்றையும் உதறிவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவன் எப்படி இருப்பான்? தன் மகிழ்ச்சி குறையக்கூடாது என்பதற்காக எதையும் செய்வான். அவன் பாலடினிடம் பொய்யே பேச வேண்டியதில்லை.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் செஷனுக்கு முன்னால் ஒரு அட்டையில் அவன் வாக்கை அவன் வாயால் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். என் கையில் இப்போது இருக்கும் அட்டையில், "என் கொம்போசை கேட்டுத் தானாக வருகிறவர் யாரும் என் வாளால் சாகமாட்டார்" என்று இருக்கிறது. அவனுக்கு அதில் ஓட்டை இருக்கிறது, நாய்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பார்ட்டிக்கும் ஓட்டை இருக்கிறது, தானாகப் போய் அவன் முன்னால் நின்றால் அவன் வாளை உருவ முடியாது. முதல் சந்திப்பிலேயே அவன் அதை ஒரு சொல்கூட விடாமல் சொல்லட்டும். யாராவது ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் செஷனில் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டப் போகிறவர் அவர்தான்.